எஸ்டீம் 1.3 எஞ்சினை வீட்டு ஷெட்டில் பிரித்துக் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

வீட்டு ஷெட்டில் முதன்முதலாக ஒரு எஞ்சினைப் பிரித்துக் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு மாருதி எஸ்டீமின் 1298 சிசி பெட்ரோல் எஞ்சினைத்தான் நான் சொல்வேன். சுசூகியின் ஜி13 குடும்பம். ஜிப்சி கிங்கிலும், 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட் பெட்ரோலிலும் இருந்தது இதே குடும்பம்தான். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களுக்கும் சுசூகியின் 1.3 தான். அதனால் பாகங்கள் கிடைக்கும். இந்த எஞ்சினில் கைப்பழக்கமுள்ள மெஷின் ஷாப்புகளும் கிடைக்கும்.

புதியவர்கள் ஒவ்வொரு வேலையையும் கவனமாகத்தான் செய்கிறார்கள். செய்யும் வரிசைதான் தப்பாகிவிடுகிறது. அளப்பதற்கு முன்பே பிஸ்டன் வாங்கிவிடுகிறார்கள். லேத் வேலை முடியும் முன்பே பெயின்ட் அடிக்கிறார்கள். கடைசிக் கழுவலை விட்டுவிட்டுப் பூட்டத் தொடங்குகிறார்கள். அதனால் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கீழே வரும் எண்கள் 16 வால்வ் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) எஞ்சினுக்கானவை. அலகு சொல்லாத நீள அளவுகள் எல்லாம் மி.மீ. 8 வால்வ் கார்புரேட்டர் எஞ்சினில் சில எண்கள் மாறும். உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஸ்பானர், சாக்கெட் செட் எல்லோரிடமும் இருக்கும். பலரிடம் இல்லாதவை அளவுக் கருவிகள். 25–50, 50–75 மி.மீ. மைக்ரோமீட்டர்கள், டயல் போர் கேஜ், ஃபீலர் கேஜ், நேர்விளிம்புப் பட்டை, காந்த ஸ்டாண்டுடன் டயல் கேஜ், நம்பகமான டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பானர்) இவையெல்லாம் வேண்டும். வெர்னியர் காலிப்பரால் இந்த வேலை ஆகாது. அது 0.02 மி.மீ. வரைதான் படிக்கும்; நாம் முடிவெடுக்கப்போவது 0.01 மி.மீ. வித்தியாசத்தில்.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. போர் கேஜை இரவல் வாங்கலாம், மெஷின் ஷாப்பில் உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லலாம். டார்க் ரெஞ்ச் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் அதன் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிவைத்தால்தான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளராது.

எஞ்சினை இறக்கச் செயின் பிளாக் வேண்டும். அதைத் தொங்கவிடும் கம்பி அல்லது உத்தரம் அந்த எடையைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மெல்லிய பைப்பில் தொங்கவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாடகைக்கு என்ஜின் கிரேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப்புத்தகமும் வேண்டும். எல்லா அளவும் அதில்தான் ஏறும். மொபைலில் குறித்தால் எண்ணெய்க் கையோடு திறக்க மாட்டீர்கள். "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று விட்ட அளவு காணாமல் போய்விடும்.

## 2. இறக்கும் முன் எஞ்சினையே கேளுங்கள்

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் இறக்கும் முன் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுதாகத் திறந்து, நல்ல சார்ஜ் உள்ள பேட்டரியோடு செல்ஃப் அடியுங்கள். சரியான எஞ்சினில் சுமார் 14 கிலோ (சதுர செ.மீ.க்கு) காட்டும். 12-க்குக் கீழே போனாலோ, இரண்டு சிலிண்டருக்கு இடையே 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ உள்ளே வேலை இருக்கிறது.

குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ காரணம். எதைத் தேடிப் பிரிக்கிறோம் என்று தெரிந்து பிரித்தால் பார்க்க வேண்டிய இடத்தைக் கண் தவறவிடாது.

ஆயில் பிரஷரையும் கேஜ் மாட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு ஒப்பிட இந்த எண் உதவும்.

## 3. இறக்குதல்

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவதற்கு முன் ஃப்யூயல் பம்ப்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும்வரை விடுங்கள். எம்பிஎஃப்ஐ லைனில் அழுத்தம் நிற்கிறது. அதை விடாமல் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும்.

ஏசி கம்ப்ரெஸரைக் குழாய்களோடு அப்படியே கழற்றி ஒரு பக்கம் கட்டிவையுங்கள். கேஸைத் திறந்துவிடத் தேவையே இல்லை. ஒவ்வொரு ஒயர் இணைப்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு பக்கத்திலும் ஒரே எண் எழுதுங்கள். போட்டோவும் எடுங்கள், ஆனால் போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். ஒரே நிறத்தில் இரண்டு இணைப்பு இருந்தால் எது எங்கே என்று படத்தில் தெரியாது.

எஸ்டீமில் எஞ்சின் குறுக்காக இருப்பதால் கியர்பாக்ஸோடு சேர்த்து மேலே தூக்குவது எளிது. வெளியே வந்த பின் கியர்பாக்ஸைப் பிரியுங்கள். கிளட்ச் பிரஷர் பிளேட்டைக் கழற்றும் முன் ஃப்ளைவீலும் பிளேட்டும் சேரும் இடத்தில் ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். பேலன்ஸ் செய்யும்போது இந்தக் கோடு தேவைப்படும்.

## 4. பிரித்தல்

ஹெட்டைக் கழற்றுவது எஞ்சின் முழுதாக ஆறிய பிறகுதான். அலுமினிய ஹெட் சூட்டோடு இருக்கும்போது போல்ட்டைத் தளர்த்தினால் வளைந்துவிடும். இறுக்குவதற்கு நேர் எதிர் வரிசையில், ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

போரின் மேல் விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ரிங் ஏறாத இடத்தில் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படியையும் கரியையும் நீக்கிய பிறகே பிஸ்டனை மேலே தள்ளுங்கள். இல்லாவிட்டால் ரிங் லேண்ட் (பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள மேடு) உடைந்து, மறுபடி பயன்படுத்தக்கூடிய பிஸ்டனும் வீணாகும். தள்ளும் முன் கனெக்டிங் ராட் போல்ட்களுக்கு ரப்பர் டியூப் துண்டு மாட்டுங்கள். அந்த மரை கிராங்க் ஜர்னலில் (பேரிங்குக்குள் சுற்றும் வழவழப்பான பகுதி) ஒரு கோடு இழுத்தால் போதும், கிராங்க் கிரைண்டிங்குக்குப் போக வேண்டியதுதான்.

ராட், அதன் கேப், பிஸ்டன் மூன்றிலும் சிலிண்டர் எண்ணைப் பெயின்ட் பேனாவால் எழுதுங்கள். முதல் சிலிண்டர் டைமிங் பெல்ட் பக்கம். ராட் கேப்பை இன்னொரு ராடில் மாற்றிப் போடவே கூடாது. இரண்டையும் சேர்த்துப் பூட்டித்தான் அந்தத் துளையைக் கம்பெனியில் கடைந்திருக்கிறார்கள். மெயின் கேப்களும் அப்படியே. அவற்றில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும், அம்பு கிராங்க் புல்லி பக்கம் பார்க்க வேண்டும். ராக்கர், வால்வ், ஸ்பிரிங் எல்லாம் கழற்றிய வரிசையிலேயே இருக்கட்டும். எண் எழுதிய தெர்மோகோல் பலகையில் வால்வ்களைக் குத்திவைத்தால் போதும்.

பழைய பேரிங்குகளைக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் இடத்தை எழுதி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கலாம் அல்லது ஜர்னல் கூம்பாகியிருக்கலாம். தாமிர நிறம் தெரிந்தால் ஆயில் போதாமல் ஓடியிருக்கிறது. புள்ளி புள்ளியாகத் துகள் பதிந்திருந்தால் அழுக்கு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பேரிங் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும்.

## 5. முதல் கழுவல்

இந்த எஞ்சினில் ஹெட், பிளாக் இரண்டும் அலுமினியம். போரில் மட்டும் வார்ப்பிரும்பு லைனர். சில பட்டறைகளில் வார்ப்பிரும்புப் பிளாக்குகளைச் சுத்தம் செய்யக் காஸ்டிக் சோடாத் தொட்டி வைத்திருப்பார்கள். அதில் அலுமினியத்தை முக்கினால் உலோகமே கரையும். பிளாக்கைக் கொடுக்கும்போதே "அலுமினியம், காஸ்டிக் வேண்டாம்" என்று வாயாலும் சொல்லுங்கள், பிளாக்கில் சீட்டும் கட்டுங்கள்.

வீட்டில் டீசலும் பிரஷ்ஷும் போதும். பிறகு டிகிரீசர், தண்ணீர், காற்று. திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

கேஸ்கெட் ஒட்டியிருக்கும் முகங்களைச் சுரண்ட பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தகடு. கிரைண்டரில் மாட்டும் உரசு பேட் கூடவே கூடாது. அலுமினிய முகத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். உதிரும் துகள் ஆயில் வழியில் போய்ப் பேரிங்கைத் தின்னும்.

## 6. அளத்தல்

பணம் மிச்சமாவதும் வீணாவதும் இந்தப் படியில்தான். எதையும் ஆர்டர் செய்யும் முன் இதை முடித்துவிடுங்கள்.

போர் கேஜை மைக்ரோமீட்டரில் 74.00-க்கு செட் செய்து, ஒவ்வொரு போரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும், எஞ்சின் நீளவாக்கிலும் குறுக்கிலும் அளங்கள். சிலிண்டருக்கு ஆறு, மொத்தம் 24 எண்கள். கேஜைப் போருக்குள் முன்னும் பின்னும் ஆட்டும்போது முள் ஒரு பக்கம் போய்த் திரும்பும். திரும்பும் அந்த இடமே சரியான அளவு. முதல் முறை பார்ப்பவர்கள் முள் நின்ற இடத்தை எழுதிவிடுவார்கள், அதனால் எல்லாப் போரும் பெரிதாகத் தெரியும். ஒரே இடத்தை மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துவந்தால்தான் கை பழகியது என்று அர்த்தம்.

கூம்பும் (மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம்) நீள்வட்டமும் (நீளவாக்குக்கும் குறுக்குக்கும் உள்ள வித்தியாசம்) 0.05-ஐத் தாண்டினால் போரிங் செய்துவிடுங்கள் என்பதே என் கருத்து. மேனுவல் இதைவிடத் தாராளமாக விடும். ஆனால் உயர் ஆர்பிஎம்மில் ஓட்டுவதற்காகவே கட்டும் எஞ்சினில் புது ரிங்கைத் தேய்ந்த போரில் போட்டால் ரிங் ஒழுங்காகப் படியாது.

பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே 0.02 முதல் 0.04 வரை இருக்க வேண்டும். பிஸ்டனை ஸ்கர்ட்டில் (ரிங்குகளுக்குக் கீழே உள்ள பகுதி), பின்னுக்குச் செங்குத்தாக, மேனுவல் சொல்லும் உயரத்தில் அளக்க வேண்டும். தலைப்பக்கம் அளந்தால் சிறிதாகக் காட்டும், ஏனென்றால் பிஸ்டன் மேலே குறுகலாகவே செய்யப்பட்டிருக்கிறது.

கிராங்கில் மெயின் ஜர்னல் 45 மி.மீ., ராட் ஜர்னல் 42 மி.மீ. கூம்போ நீள்வட்டமோ 0.01-ஐத் தாண்டினால் கிரைண்டிங். எமரித் துணியைக் கையால் சுற்றித் தேய்த்துப் பளபளப்பாக்குவது பல இடங்களில் பழக்கம். அது கோட்டை மறைக்கும், வட்டத்தைக் கெடுக்கும்.

ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்புப் பட்டையை நீளம், குறுக்கு, மூலைவிட்டம் என வைத்து 0.05 ஃபீலர் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஃபேஸிங் (முகத்தைச் சீவி மட்டமாக்குவது) தேவை. பிளாக் முகத்தையும் அப்படியே பாருங்கள். எஞ்சின் எப்போதாவது சூடேறி நின்றிருந்தால் ஹெட்டை பிரஷர் டெஸ்டுக்கும் கொடுங்கள். விரிசல் விட்ட ஹெட்டில் வால்வ் வேலை செய்து பணத்தை விடுவதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும்.

## 7. பிஸ்டன் முதலில், போரிங் பிறகு

ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என இரண்டு அளவில் வரும். போர் எதில் சுத்தமாகுமோ அதில் சிறியதை எடுங்கள். சுவரில் மீதியிருக்கும் உலோகம் அடுத்த முறைக்கு உதவும். "பெரிய போர் போட்டால் பவர் ஏறும்" என்று 0.50-க்குத் தாவுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்: 74.50 போர், 75.5 ஸ்ட்ரோக்கில் மொத்தம் சுமார் 1316 சிசி. கூடுவது வெறும் 18 சிசி. அது சீட்டில் உட்கார்ந்தால் தெரியாது.

பிஸ்டன் கைக்கு வந்த பிறகே பிளாக்கைக் கொடுங்கள். நான்கையும் அளந்து எண் போடுங்கள். 74.47 இருக்கும் பிஸ்டனுக்கு 0.03 இடைவெளி சேர்த்து 74.50 போர் வேண்டும், அடுத்தது 74.48 என்றால் அந்த சிலிண்டருக்கு 74.51. "50 ஓவர்சைஸ்" என்று பொதுவாகச் சொல்லிக் கொடுத்தால் நான்கும் ஒரே அளவில் வரும், இடைவெளி ஆளுக்கு ஒன்றாக இருக்கும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போடுகிறவர்கள் அதன் தயாரிப்பாளர் தரும் இடைவெளியைக் கேளுங்கள். அது சூட்டில் கூடுதலாக விரியும், அதனால் கம்பெனி எண் அதற்குப் பொருந்தாது.

மெஷின் ஷாப்பில் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இறுதி அளவை ஹோனிங்கில் (கல்லால் தேய்த்து முடிப்பதில்) எட்ட வேண்டும். போரிங் கருவி அந்த அளவுக்குச் சற்று முன்னதாகவே நிற்க வேண்டும். குறுக்குக் கோடுகள் சரியாக விழுந்தால்தான் ஆயில் நிற்கும், ரிங் படியும். இரண்டாவது, ஹோன் செய்யும்போது டார்க் பிளேட். ஹெட் போல்ட் இறுகும்போது அலுமினியப் பிளாக்கில் போர் நெளியும். தடித்த பிளேட்டை அதே டார்க்கில் பூட்டி ஹோன் செய்தால், ஹெட் ஏறிய பிறகும் போர் வட்டமாக இருக்கும். மெயின் கேப்களும் பூட்டியே இருக்கட்டும். டார்க் பிளேட் எல்லா ஷாப்பிலும் இருக்காது. அது இருக்கும் ஷாப்பைத் தேடிப் போவது வீண் அலைச்சல் ஆகாது.

பிளாக்கில் அடித்திருக்கும் எஞ்சின் நம்பர் மீது மெஷினோ பிளாஸ்டிங்கோ படக் கூடாது என்று சொல்லிவையுங்கள். அது ஆர்சியில் இருக்கும் எண். அழிந்தால் விளக்கம் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

## 8. ஹெட்

பவர் வேண்டுமென்றால் உழைப்பைப் போட வேண்டிய இடம் இது.

கைடில் (வால்வ் தண்டு ஓடும் குழல்) வால்வ் ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள். கைடு மாற்றிய பிறகே சீட் (வால்வ் வந்து அமரும் வளையம்) கட்டிங். சீட் கட்டர் கைடை மையமாக வைத்துத்தான் சுற்றுகிறது. தேய்ந்த கைடில் வெட்டிய சீட் மையம் தப்பியிருக்கும். சீட்டின் அகலம் 1.1 முதல் 1.3 மி.மீ. அகலம் கூடினால் அடைப்பு அழுத்தம் குறையும், குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் கருகும்.

லேப்பிங் (வால்வையும் சீட்டையும் பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பொருத்துவது) செய்து முடித்ததும் பேஸ்ட்டை ஒரு துளி விடாமல் கழுவுங்கள். வால்வ்களைப் பூட்டி, ஹெட்டைத் தலைகீழாக வைத்து, சேம்பரில் (எரிப்பு அறை) பெட்ரோல் ஊற்றிப் போர்ட் (காற்றும் புகையும் போகும் வழி) வழியே பாருங்கள். பத்து நிமிடத்தில் கசிவு தெரிந்தால் அந்த வால்வை மறுபடி எடுக்க வேண்டும்.

போர்ட்டிங்கில் கையை அடக்குங்கள். வார்ப்புப் பிசிறு, கைடைச் சுற்றிய மேடு, சீட்டுக்கும் போர்ட்டுக்கும் இடையே இருக்கும் படி ஆகியவற்றை எடுத்து, மேனிஃபோல்டோடு ஓரத்தைப் பொருத்தினால் போதும். போர்ட்டைப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து, ஊருக்குள் ஓட்டும் ஆர்பிஎம்மில் வண்டி சோம்பலாகும். இன்டேக்கைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்ய வேண்டாம்.

அடுத்து சேம்பர் கொள்ளளவு. ஸ்பார்க் பிளக்கும் வால்வும் பூட்டிய ஹெட்டை மட்டமாக வைத்து, சேம்பர் விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவி, துளையிட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டை அழுத்துங்கள். நிறம் கலந்த தண்ணீரை ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசிக் காற்றுக்குமிழி துளை வழியே வெளியேறி, தகட்டின் அடியில் நிறம் முழுதாகப் பரவியதும் எண்ணைப் படியுங்கள். நான்கு சேம்பரும் அரை சிசிக்குள் ஒத்துவரும்படி, குறைவாக உள்ளவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிச் சமப்படுத்துங்கள்.

ஹெட்டை எவ்வளவு ஃபேஸிங் செய்யலாம் என்பதை இந்த அளவு கையில் வந்த பிறகே முடிவு செய்யுங்கள். ஒரு சிலிண்டர் சுமார் 325 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் 9 என்று கணக்குக்கு வைத்தால், பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் 40.6 சிசி. 0.3 மி.மீ. சீவினால் அதில் ஏறக்குறைய 1.2 சிசி போகும், விகிதம் 9.25-க்கு வரும். 91 ஆக்டேன் பெட்ரோலில் இதற்கு மேல் ஆசைப்பட்டால் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டிவரும், கிடைத்தது கைவிட்டுப் போகும். இன்னொன்று: ஹெட் தாழ்ந்தால் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் குறைந்து கேம் டைமிங் சற்றுப் பின்தங்கும். அதிகம் சீவியவர்கள் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய கேம் புல்லி போட்டு அதைச் சரிசெய்ய வேண்டும்.

## 9. எடையும் பேலன்ஸும்

நான்கு பிஸ்டனும் பின்னோடு சேர்த்து ஒரே எடையில் இருக்கட்டும். நகைத் தராசு போதும். ஒரு கிராமுக்குள் வந்தால் நல்லது. குறைக்க வேண்டியதைப் பின் பாஸின் (பின் நுழையும் தடித்த பகுதி) உட்புறத்திலிருந்து எடுங்கள், ஸ்கர்ட்டைத் தொடாதீர்கள். ராடுகளை மொத்த எடையோடு, பெரிய முனை தனியாகவும் சிறிய முனை தனியாகவும் சமப்படுத்த வேண்டும். இதற்கு ஒரு முனையைத் தாங்கும் ஜிக் தேவை.

கிராங்க், ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், முன்புல்லி எல்லாவற்றையும் சேர்த்து டைனமிக் பேலன்ஸுக்குக் கொடுங்கள். ஃப்ளைவீலை லேசாக்குவதென்றால் அந்த வேலை இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

## 10. பெயின்ட்

உலோகத்தை வெட்டும் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பெயின்ட். முன்பே அடித்தால் மெஷின் கிளாம்பும் கூலன்ட்டும் அதைக் கெடுக்கும்.

அலுமினியத்தில் சாதாரண பிரைமர் பிடிக்காது, எட்ச் பிரைமர் வேண்டும். அதற்கு மேல் எஞ்சின் எனாமல், மெல்லிய பூச்சுகளாக. தடித்த ஒரே பூச்சு சூட்டில் உரியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு 600 டிகிரி தாங்கும் பெயின்ட் தனியாக இருக்கிறது. கேஸ்கெட் முகம், போர், மரைத் துளைகள், எர்த் ஒயர் பூட்டும் இடம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அடியுங்கள். எர்த் இடத்தில் பெயின்ட் ஏறினால் செல்ஃப் சோம்பும், சென்சார்கள் தப்பாகப் படிக்கும். அந்தக் கோளாறைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடும்.

டேப்பெட் கவரைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும்போது எச்சரிக்கை. உள்ளே ஆயில் ஆவியைப் பிரிக்கும் தகடு இருக்கும். பிளாஸ்டிங் மணல் அதன் பின்னால் புகுந்து உட்கார்ந்துவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கேமின் மேல் உதிரும். தகட்டைக் கழற்ற முடியாவிட்டால் பிளாஸ்டிங் வேண்டாம், கெமிக்கல் ரிமூவரும் கைத் தேய்ப்பும் போதும். பிளாக்கையும் ஹெட்டையும் ஒருபோதும் மணல் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்காதீர்கள்.

## 11. கடைசிக் கழுவல்

ஹோனிங் முடிந்த போர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். வெள்ளைத் துணியில் ஆயில் நனைத்துத் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டும். அது ஹோன் கல்லின் தூள். புது ரிங்கை முதல் நாளே அறுப்பது அதுதான். டீசல், பெட்ரோல் இரண்டும் இதை எடுக்காது, உலோகக் குழிகளில் நகர்த்தி மட்டும் வைக்கும். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ் மூன்றும் சேர்ந்துதான் தூக்கி வெளியே எடுக்கும். துணி வெள்ளையாகவே வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். உடனே காற்றடித்துக் காயவைத்து ஆயில் தடவுங்கள்; லைனர் இரும்பு, நம் ஊர் ஈரத்தில் அரை மணியில் துருவேறும்.

ஆயில் வழிகளின் அடைப்பு போல்ட்களைக் கழற்றி நீள பிரஷ் விட்டுத் தேயுங்கள். கிராங்கின் ஆயில் துளைகளுக்கும் அப்படியே, குறிப்பாகக் கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்குக்கு.

ஹெட் போல்ட், மெயின் போல்ட் துளைகளின் அடியில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது திரவத்துக்குப் போக இடமில்லை. டார்க் பொய்யாகக் காட்டும், பிளாக்கே விரியவும் கூடும். சேதமான மரைகளுக்கு இப்போதே ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச்சுருள்) போட்டுவிடுங்கள்.

## 12. கீழ்ப்பாதியைக் கட்டுதல்

மெயின் பேரிங் வாங்கும் முன் ஒரு விஷயம். கிராங்க் வெப்களில் (ஜர்னல்களை இணைக்கும் கைகள்) எண்களும், பிளாக்கின் அடிமுகத்தில் எழுத்துகளும் அடித்திருக்கும். இரண்டையும் மேனுவல் அட்டவணையில் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு ஜர்னலுக்கும் எந்த நிறப் புள்ளியுள்ள பேரிங் என்று தெரியும். ஸ்டாண்டர்டிலேயே ஐந்து தடிமன் உண்டு. "ஸ்டாண்டர்ட் செட் ஒன்று" என்று கடையில் கேட்டு வாங்கிப் போடுவதால்தான் ஒரு ஜர்னல் இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் வருகிறது.

பள்ளம் உள்ள பாதி பிளாக்கில், பள்ளம் இல்லாத பாதி கேப்பில். பேரிங்கின் முதுகிலும் அது உட்காரும் இடத்திலும் ஆயில் கூடாது; உலர்ந்திருந்தால்தான் சூடு கடத்தும். ஆயில் தேவைப்படுவது உள்முகத்தில் மட்டும்.

ஆயில் விடும் முன் பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்துப் பாருங்கள். ஜர்னல் நீளத்துக்கு ஒரு துண்டு, கேப்பை 54 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். நடுவில் கிராங்கைச் சுற்றிவிட்டால் அந்தத் துண்டு வீண், புதிதாக வைக்க வேண்டும். மெயினில் 0.02–0.04, ராடில் 0.02–0.05. குறைந்தால் ஆயில் படலம் நிற்காது. கூடினால் பிரஷர் நிற்காது. கேப்பை அரத்தால் தேய்த்து "சரிசெய்யும்" யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிறகு அசெம்பிளி லூப் தாராளமாகத் தடவி, நடுக் கேப்பிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு கேப் இறுகிய பிறகும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் இறுகியது என்று உடனே தெரியும். ஐந்தையும் இறுக்கிவிட்டுப் பார்த்தால் தெரியாது. கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.11 முதல் 0.31.

ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையே ஃபீலர் நுழைத்துப் பாருங்கள். மேல் ரிங்குக்கு 0.20-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். ஒவ்வொரு ரிங்கையும் அது ஓடப்போகும் போரிலேயே அளங்கள். எழுத்து உள்ள பக்கம் மேலே, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல்.

பிஸ்டன் தலையின் அம்பு கிராங்க் புல்லி பக்கம், ராடின் ஆயில் துளை இன்டேக் பக்கம். ராட் போல்ட்களுக்கு மறுபடி ரப்பர் டியூப். சுத்தியல் கட்டையால் மெதுவாகத் தட்டும்போது சட்டென்று நின்றால் நிறுத்துங்கள். ஆயில் ரிங் விளிம்பில் மாட்டியிருக்கிறது. ராட் நட் 35 நியூட்டன் மீட்டர்.

ஆயில் பம்ப் பற்களுக்கு இடையே பெட்ரோலியம் ஜெல்லி நிரப்பிப் பூட்டுங்கள். காய்ந்த பம்ப் முதல் சுற்றில் ஆயிலை இழுக்காது.

## 13. ஹெட் ஏற்றுதல், டைமிங்

இரண்டு முகமும் உலர்ந்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் இருக்க வேண்டும். கேஸ்கெட்டில் பசை எதுவும் தடவாதீர்கள். போல்ட் மரைக்கு லேசாக ஆயில். நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றில் 68 நியூட்டன் மீட்டர் வரை. பழைய மேனுவல் 6.8 என்று கிலோகிராம்-மீட்டர் (kg-m) அலகில் சொல்லும், உங்கள் ரெஞ்ச் எந்த அலகில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டைமிங் பெல்ட் போடும் முன் டேப்பெட் ஸ்க்ரூக்களை முழுதாகத் தளர்த்திவிடுங்கள். கேம் தடையில்லாமல் சுற்றினால்தான் பெல்ட்டின் இழுவிசை சரியாக விழும். கேம் புல்லிக் குறியையும் கிராங்க் புல்லிக் குறியையும் அதனதன் இடத்தில் வைத்துப் பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை விட்டு, கிராங்கைக் கையால் கடிகாரத் திசையில் இரண்டு முழுச்சுற்றுச் சுற்றி, குறிகள் திரும்ப வந்து சேர்கின்றனவா என்று பார்த்த பிறகே டென்ஷனர் போல்ட்டை இறுக்குங்கள். ஒரு பல் தள்ளியிருந்தாலும் இந்த இரண்டு சுற்றில் தெரிந்துவிடும். சுற்றும்போது எங்காவது இடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள். நிறுத்திக் காரணம் பாருங்கள்.

கடைசியாக டேப்பெட். மேனுவலில் குளிர்ந்த நிலைக்கு ஒரு எண்ணும் சூடான நிலைக்கு ஒரு எண்ணும் இருக்கும். இப்போது குளிர் எண்.

## 14. முதல் ஸ்டார்ட்

பிளக்குகள் வெளியே, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸ் வெளியே. ஆயில் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். கேஜ் மாட்டியிருந்தால் இன்னும் நல்லது. பிரஷர் வராமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், ஒருவர் கீழே கசிவு பார்க்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர், கசிவு, சூடு மூன்றையும் பார்த்து, ஃபேன் ஒருமுறை ஓடி நின்றதும் சாலைக்கு எடுத்துப் போங்கள். ஐட்லிங்கில் மணிக்கணக்காக விடுவதுதான் ரன்னிங்-இன் என்று பலரும் நினைக்கிறார்கள். ரிங்கை போரோடு அழுத்துவது சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம். லோடு இல்லாமல் அது கிடைக்காது. ஐட்லிங்கில் ரிங் படியும் முன்பே போர் வழவழப்பாகிவிடும், பிறகு காலத்துக்கும் ஆயில் குடிக்கும்.

## 15. முதல் ஆயிரம் கிலோமீட்டர்

மினரல் ஆயில் ஊற்றுங்கள். முழு சிந்தெடிக் இப்போது வேண்டாம், ரிங் படிவதைத் தாமதமாக்கும். போக்குவரத்துக் குறைந்த சாலையில் மூன்றாவது கியரில் 40-லிருந்து 70 வரை நன்றாக மிதித்து ஏற்றி, காலை எடுத்து எஞ்சின் பிரேக்கிலேயே 40-க்கு இறங்க விடுங்கள். ஏறும்போது ரிங் அழுந்தும். இறங்கும்போது உண்டாகும் வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்துத் துகளைக் கழுவும். இதையே பத்துப் பன்னிரண்டு முறை. ஒரே வேகத்தில் நீண்ட பயணம் வேண்டாம், 4000 ஆர்பிஎம்மைத் தாண்டவும் வேண்டாம்.

முதல் 50 கிலோமீட்டரிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி இயல்பு. மின்னும் செதில்களோ தாமிர நிறத் துணுக்குகளோ இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்கைப் பாருங்கள்.

500 கிலோமீட்டரில் மறுபடி ஆயில், டேப்பெட், எல்லா மேனிஃபோல்டு நட்டுகளும். 1000-ல் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்து, நோட்டில் இரண்டாம் படியில் எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நான்கும் ஒரு கிலோவுக்குள் ஒத்துவந்தால் ஆயிலை வழக்கமான தரத்துக்கு மாற்றி, ஆர்பிஎம்மை மேலே கொண்டுபோகத் தொடங்கலாம்.